ஒலிப்பு தேவை

கற்பகம்: சத்தத்தக் கொறைங்கண்ணே… அம்மா உள்ள படுத்திருக்கு.

மாரிக்கண்ணன்: ஒரு தடவ கேளு கற்பகம், போதும்.

போன்: வெம்பக்கோட்டை.

மாரிக்கண்ணன்: யாரு குரலு?

கற்பகம்: …அக்கா குரலு. இதக் கேக்கவா பிரஸ்ஸுக்கு லீவு போட்டு வந்தீக? விக்கிப்பீடியாவுல நம்ம மாவட்டத்து ஊருக்கெல்லாம் நீங்க பக்கம் எளுதுவீக, ஊருப் பேர அவ பேசி ஏத்துவா. தெரிஞ்சதுதான? காலண்டர் சீசன்ல மொதலாளி எப்படி விட்டாரு?

மாரிக்கண்ணன்: சிரிக்காத. இது சித்திரையில ஏறியிருக்கு. உங்கக்கா இசைவாணி நம்மள விட்டுப் போனது பங்குனி.

கற்பகம்: முன்னாடியே பேசி வச்சிருப்பா… தாமசமா ஏறியிருக்கும்.

மாரிக்கண்ணன்: நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் ஆனைக்குட்டம் வந்துச்சு. பொறவு திருத்தங்கல். எல்லாம் அவ அக்கவுண்ட்லருந்து. பிரஸ்ல மிஷின் ஓடுற சத்தத்துக்குள்ளயும் எனக்கு இதான் கேக்குது.

போன்: ஆனைக்குட்டம்.

சண்முகத்தாய்: இசை… வந்துட்டியா? கைய நல்லாக் கழுவிட்டு வாடி, மருந்து நெடி அடிக்கு.

கற்பகம்: அவ இல்லம்மா! போனு! நீ தூங்கு.

மாரிக்கண்ணன்: அம்மா எப்பயும் இப்படியா…?

கற்பகம்: அந்தக் குரலக் கேட்டா மட்டும். பட்டாசு வேலை விட்டு அவ வந்ததும் தெனமும் அதான சொல்லும்.

மாரிக்கண்ணன்: அவ போனு எங்க?

கற்பகம்: எதுக்கு? …பீரோவுல கெடக்கு. கம்பெனிக்குள்ள போனு கொண்டுபோக விடமாட்டாகள்ல. அன்னைக்கும் வச்சுட்டுத்தான் போனா. அதுக்கப்புறம் யாரும் தொடல.

மாரிக்கண்ணன்: யாருமேயா?

கற்பகம்: யாருமே இல்லண்ணே. டீ போடவா?

மாரிக்கண்ணன்: டீ வேணாம். இன்னும் ஒண்ணு இருக்கு. போன வாரம் வந்தது.

கற்பகம்: அதப் போடாதீக.

மாரிக்கண்ணன்: எதுன்னு தெரியுமா உனக்கு?

போன்: கீளக்கரிசல்குளம்.

மாரிக்கண்ணன்: அவ வேலை பாத்த ஊரு. அந்த ஷெட்டு வெடிச்ச ஊரு.

கற்பகம்: நிறுத்துங்க…

மாரிக்கண்ணன்: இசைக்கு ‘ழ’ சுத்தமா விழும். ‘கீழ’ன்னுதான் சொல்லுவா. இதுல ‘கீள’ன்னு வருது. அதான் ஓடியாந்தேன்.

கற்பகம்: எனக்கு… எனக்கு அது வராதுண்ணே. ‘நாக்க மடிடி களுத’ன்னு தலையில கொட்டிக் கொட்டிச் சொல்லிக் குடுத்தா. வரவே இல்ல.

மாரிக்கண்ணன்: அப்ப நீதானா?

கற்பகம்: தொண்டைய லேசா இறுக்கிப் பிடிச்சா… “திருத்தங்கல்.”

மாரிக்கண்ணன்: ஐயோ… வேணாம். அங்கிட்டுத் திரும்பிக்கிட்டு அப்படிப் பேசாத. மூஞ்சியக் காட்டு.

கற்பகம்: பயந்துட்டீகளா? எனக்கே மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. வாயத் தெறந்தா அவ வாரா. இப்பல்லாம் நான் கூப்பிடாமயே வாரா. நேத்து கடையில உப்பு கேட்டேன்… கடைக்காரரு நிமுந்து பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு.

சண்முகத்தாய்: இசை… யாருகூடடி பேசுத?

கற்பகம்: நம்ம மாரியண்ணன்மா.

மாரிக்கண்ணன்: கற்பகம்… இப்ப நீ பேசுனது…

கற்பகம்: அவ குரல்லயா? …நெசமாவா? எனக்குத் தெரியலண்ணே.

மாரிக்கண்ணன்: ஏன் இதச் செஞ்ச?

கற்பகம்: கருமாதி முடிஞ்சு அவ போன எடுத்துப் பாத்தேன். ஒரு செய்தி கெடந்துச்சு. வைப்பாறுன்னு பேரு போட்டு யாரோ. ‘வெம்பக்கோட்டைக்கு ஒலிப்பு தேவை, உங்க குரல்ல வேணும்’னு. அவ செத்துப் போயிட்டான்னு அடிக்கப் போனேன்… வெரலு வரல. ஊருப் பேரச் சொல்லி ஏத்திவிட்டேன். ஒடனே அடுத்த ஊரு கேட்டாக. அதுக்குப் பொறவு இன்னொண்ணு. அவகிட்ட கேக்க ஒரு ஆளு இருக்க வரைக்கும்… அவ எங்கனயோ இருக்கான்னுதான…

மாரிக்கண்ணன்: கீழக்கரிசல்குளத்தக் கேட்டப்பவுமா?

கற்பகம்: அதுக்கு மட்டும் வாயே வரல. அளுதுக்கிட்டேதான் சொன்னேன். அவ செத்த ஊருன்னு தெரிஞ்சா அப்படிக் கேப்பாகளா? எந்த ஊர்க்காரகளோ… பாவம், அவ போனது தெரியாமக் கேக்காக. நீங்களே எளுதிச் சொல்லிருங்கண்ணே, இனிமே கேக்க வேணாம்னு.

மாரிக்கண்ணன்: தெரியாமக் கேக்கல கற்பகம். அவள அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு, வேற பேருல நான்தான் கேட்டேன். பதில் வராதுன்னு தெரிஞ்சுதான் கேட்டேன்… வந்துருச்சு. அப்புறம் என்னால நிறுத்த முடியல.