வக்கீல் வாசலில் ஏலக்காய்

முன்சீப் கோர்ட்டிலிருந்து போடிக்குத் திரும்பும் பஸ்சில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் ஏலக்காய்ச் சாக்கும், காயைத் தரம் பிரிக்கும் சுளகும்.

"கோர்ட்டுக்குச் சுளகு எதுக்கு மதினி?" என்றாள் மற்றவள்.

"எங்க வக்கீலு எதிராளி வீட்டு விருந்துல உக்காந்து சாப்பிடுறதைக் கண்ணால பாத்தேன். வேற வக்கீலு வச்சுக்கிறேன், கேஸ் கட்டைக் குடுங்கன்னா, நாளைக்கு வா, நாளைக்கு வான்னு இழுத்தடிக்கிறாரு. இன்னைக்கு அவரு வாசல்லயே உக்காந்து காய் பொறுக்க ஆரம்பிச்சிட்டேன். அவருகிட்ட கேஸ் குடுத்துட்டு வந்துபோற கட்சிக்காரங்க ஏன்னு கேட்டாக. உள்ளதைச் சொன்னேன்."

"பெறகு?"

"மத்தியானத்துக்குள்ள வெரசா கட்டைக் கொண்டாந்து குடுத்துட்டாரு."

"கேட்டவுக என்ன செஞ்சாக?"

அவள் சிரித்தபடி பின்னால் கை காட்டினாள். நானும் திரும்பிப் பார்த்தேன். கடைசி சீட்டில் மூன்று பேர், ஆளுக்கொரு கேஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.