சாக்கு மூடிய பூசணிக்காய்

முல்லைத்தீவு பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் ஒரு கணவனும் மனைவியும்.

"எங்கட வளவில காய்ச்ச பூசணிக்காயை நான் கடைசிவரைக்கும் காணேல்லை," என்றாள் மனைவி. "ஆட்டுக்கடா படுத்திருக்கிற மாதிரிச் சாக்குப் புடைச்சு நிண்டதைத்தான் கண்டனான்."

"கண்ணூறு படும் எண்டுதானே பிஞ்சிலயே மூடினனான்."

"அயலட்டைக்கு மறைச்சது சரி. எனக்குமோ?"

"நீ ஊரெல்லாம் சொல்லியிருப்பாய்."

"சொல்லியிருந்தா ஆக்கள் பாக்க வந்திருப்பினம். சாக்குக்குள்ள முள்ளம்பன்றி பூந்து தின்னுறதை ஆராவது கண்டிருப்பினம்."



"ஒரு விதைகூட மிஞ்சேல்லை," என்றார் அவர். "இப்ப உன்ரை அக்கா வீட்டை போனவுடன அவா கேப்பா, தான் தந்த விதை என்னாச்செண்டு. கொடி காய்க்கேல்லை எண்டு சொல்லு."

"சொல்லுறன். என்ரை கண்ணுக்கு அது காய்க்கவே இல்லைத்தானே."