மூடிய துளைகள்

நீங்கள் தந்த காப்பியில் சர்க்கரை குறைவு, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. பிரிஜட் அக்கா போட்டுக் கொடுத்தே பழகிவிட்டது. அப்பா, அம்மா போன பிறகு ஃபேரர் பார்க் வீட்டில் இருபது வருஷம் நாங்கள் இரண்டு பேர்தான். மணி என்ன?

என் வேலையைக் கேட்டீர்கள். சிங்கப்பூர் வீடுகளுக்கு, சமையல் கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி செய்கிறோம். அதன் மூக்கு, வெள்ளீய ஆக்சைடில் செய்த மெல்லிய படலம். ஆக்சைடைக் கூழாகக் கரைத்து, அதில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகளைக் கலந்து பூசி, உலையில் மெதுவாகச் சூடேற்றுவேன். மணிகள் எரிந்துபோகும், அவை இருந்த இடம் துளைகளாக நிற்கும். கேஸ் அதில் நுழைந்தால்தான் பெட்டிக்கு உணர்வு. சூடு மிஞ்சினால் துளைகள் மூடிக்கொள்ளும். பார்வைக்கு எதுவும் தெரியாது.

எண்பத்தைந்து ஜனவரியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாற்பத்தொரு வயது. மாப்பிள்ளை சூசைநாதன், மனைவியை இழந்தவர், தெம்பனிஸில் புது வீடு. நல்ல மனிதர், நான் மறுக்கவே இல்லை. "நீயும் எங்களோட வந்துடு லாசரஸ், ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு," என்றார். அக்கா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

பெயிண்ட் பட்டறையில் வேலை பார்த்தே அவருக்கு மூக்கு மரத்து, எந்த வாசனையும் தெரியாமல் போயிருந்தது. அதனால் நான் கல்யாணப் பரிசாகக் கொடுத்த கேஸ் பெட்டி எல்லாருக்கும் பிடித்தது. கல்யாணம் முடிந்து வீடு மந்திரித்த அன்று ஃபாதர் பெட்டி மீதும் தீர்த்தம் தெளித்தார்.

"மச்சான், இது ரொம்பக் கத்துமா?"

"கேஸ் கசிஞ்சா கத்தும், அத்தான்."

"உங்க அக்காவை விடவா?"

"இவரு வாய்க்கும் ஒரு பெட்டி செஞ்சு குடு லா," என்றாள் அக்கா.

ஒவ்வொரு படலத்தையும் சோதித்துத்தான் அனுப்புவேன். அவர் பெட்டியில் வைத்ததை மட்டும் சோதிக்கவில்லை. அதற்கு உலையில் இருநூறு டிகிரி கூட்டி வைத்தவன் நான். தெரிந்ததை எதற்குச் சோதிக்க வேண்டும்?

அக்கா தினமும் காலை ஆறு மணிப் பூசைக்குப் போவாள். செவ்வாய்க்கிழமை ஆறேகாலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். "இரு மச்சான், குளிச்சிட்டு வந்து காப்பி போடுறேன்," என்று அவர் உள்ளே போனார். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றினேன். சிலிண்டரைத் திறந்துவிட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். வெளியே வரும்போது கதவையும் மெதுவாகத்தான் சாத்தினேன். குளித்து வந்ததும் அவருக்கு ஒரு சிகரெட் வேண்டும். பெட்டி கத்தாதவரை பயமில்லை என்று நம்பியிருந்தார்.

சூசைநாதனைக் கொன்றது நான்தான். தீக்குச்சியை உரசியது மட்டும் அவர்.

கரிந்த பெட்டியை அக்காவே கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தாளாம். "ஏன் கத்தலைன்னு என் தம்பியைக் கேளுங்க," என்றாளாம். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

மணி ஐந்து ஆகியிருக்குமே, அக்கா எனக்குக் காப்பி போடுகிற நேரம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? அக்கா வெளியே இருந்தால் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். தெம்பனிஸ் வீடுதான் எரிந்துவிட்டதே, இனி அவள் எங்கள் ஃபேரர் பார்க் வீட்டுக்குத்தானே வர வேண்டும். சாவி என்னிடம் இருக்கிறது.