பார்க்கிங்கில் நிற்கும் கேம்பர்

சுவிஸில், ஊஸ்டர் நிலையத்திலிருந்து ரயில் புறப்பட்டதும், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் கேட்டார்:

"அதை வித்துப்போட்டா, நாங்கள் எங்கை போய்ச் சண்டை பிடிக்கிறது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவருக்கும் விளங்கவில்லை போலிருந்தது.

"நீர்தானே கேம்பரை விக்கச் சொன்னனீர்?"

"ஓம், சொன்னனான். பிக்கப் வண்டிக்கு மேல அந்தக் குட்டி வீட்டை ஏத்திப் பூட்டி இத்தாலிக்குப் போவம் எண்டியள். ஒருக்கா எண்டாலும் போனமோ? கோடை முழுக்க ஒண்டில் கலியாண வீடு, இல்லாட்டிச் சாமத்திய வீடு. அது பார்க்கிங்கில சும்மா நிக்குது."

"அப்ப விப்பம்."

"விக்கலாம். ஆனா வீட்டுக்குள்ள சத்தம் போட்டா, பிள்ளையள் படிப்பை விட்டுட்டு எங்கட வாயைப் பாக்குதுகள். கீழ்வீட்டு மனுசி தும்புத்தடியால மேல இடிக்கிறா. கேம்பருக்குள்ள ஏறிக் கதவைச் சாத்தினா ஒருத்தருக்கும் கேக்காது."

"அப்ப வைச்சிருப்பமோ?"

"சண்டை பிடிக்கிறதுக்கு ஆராவது கேம்பர் வைச்சிருப்பினமோ?"

"இப்ப என்னத்தைத்தான் செய்யச் சொல்லுறீர்? விக்கிறதோ, வைச்சிருக்கிறதோ?"

கணவரின் குரல் பெட்டி முழுவதும் கேட்டது. கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். அந்தப் பெண் கணவரின் முழங்காலில் மெல்லத் தட்டினார்.

"சத்தம் போடாதேங்கோ, எல்லாரும் பாக்கினம். இதை இஞ்சை கதைக்கேலாது. பின்னேரம் கேம்பருக்குள்ள இருந்து கதைப்பம். தேத்தண்ணி நான் கொண்டு வாறன்."