வெள்ளைப் பக்கம் மேலே

— சிரிக்காம என்ன பண்றது மாப்ள? இபுசுகி ஊர்ல அத்தனை பேரும் வெண்டைப் பாத்தியில பிளாஸ்டிக் ஷீட்டைக் கறுப்புப் பக்கம் மேல வெச்சு விரிச்சிருக்கான். உன் வயல் மட்டும் படுக்கை விரிப்பு காயப் போட்ட மாதிரி வெள்ளை வெளேர்னு கிடக்கு!

— வெள்ளையும் நல்லாத்தான் இருக்கு, மச்சான்.

— என்னத்த நல்லா? கறுப்பு வெயிலை இழுத்து மண்ணைச் சூடாக்கும். வெண்டைக்குச் சூடுதான் உசுரு. ஜூன் ஏழு ஆச்சு, நான் நாலு நாளா காய் பறிக்கறேன். உன் செடி முழங்காலைத் தாண்டல. தலைகீழா விரிச்சுட்டேன்னு ஒத்துக்கோயேன், யசுதாகா!

— ஒரு புல்லு முளைச்சிருக்கா பாரு. அதுக்குத்தானே ஷீட்டு.

— புல்லு இல்லேங்கறதையா வலைப்பையில போட்டு சங்கத்து லாரியில ஏத்தப் போறே? ரிட்சுகோ! உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் கேளும்மா.

— முப்பத்தோரு வருஷமா கேட்டுக்கிட்டுதாண்ணே இருக்கேன். சொட்டுநீர்க் குழாய் போட்டாரு, தானா தொறந்து மூட டைமர் வெச்சாரு. இனிமே காலாட்டிக்கிட்டு உக்காரலாம்னாரு. ஆனா அந்தக் குழாய் வழியா உரம் மட்டும் விடமாட்டேங்கறாரு. செடி சோறு கேக்குது, இவரு வெறுந்தண்ணி ஊத்தறாரு!

— விடுவேன் ரிட்சு. இருபத்திரெண்டாந் தேதி விடுவேன்.

— நாள் பாத்து உரம் வைக்கற ஒரே ஆளு நீங்கதான். சரி, அதை விடுங்க. அண்ணே, கல்யாணக் கோட்டைப் போட்டுப் பாத்தியா?

— பாத்தேன். வயித்துகிட்ட பித்தான் சண்டைக்கு வருது. மூச்சை அடக்கிக்கிட்டே உன் சின்னப் பொண்ணு மிசுஹோவைக் கூட்டிட்டு நடந்துடுவேன்.

— நான் வரமாட்டேன்னு இன்னும் சொல்லலையே, ரிட்சு.

— இனிமே வேற சொல்லணுமா? அயனோ கல்யாணத்துக்கு என்ன சொன்னீங்க? "ஒரு நாள் விட்டா காய் மூங்கிலா முத்திடும், உங்கண்ணனை அனுப்பு." மூத்த பொண்ணு, அப்பா கையைப் பிடிச்சு நடக்க வேண்டியவ, மாமா கையைப் பிடிச்சு நடந்தா. போட்டோவுல உங்க நாற்காலியில என் கைப்பை உக்காந்திருக்கு! அதான் இந்தத் தடவை நானே சின்னவகிட்ட சொல்லிட்டேன். இருபத்தொண்ணாந் தேதி ஒசாகாவுக்கு அப்பா வரமாட்டாரு, மாமாதான் வருவாருன்னு.

— அவ என்ன சொன்னா?

— "சரிம்மா"ன்னா. மூக்கை உறிஞ்சினா.

— ஜலதோஷமா இருக்கும்.

— உங்களுக்கு வெண்டைக்காயோட நோவு தெரியுற அளவுக்குப் பெத்த பொண்ணோட நோவு தெரியாதுங்க.

— மச்சான், நீ எத்தனை வருஷமா வெண்டை போடறே?

— நாப்பது. ஏன், பேச்சை மாத்தறியா?

— இங்க வா. இந்த மொட்டைப் பாத்துச் சொல்லு. முதல் காய் எப்ப?

— இதுக்கு மொட்டுன்னு பேரா? கடுகு மாதிரி இருக்கு. பூக்கவே ரெண்டு வாரம். பூத்த நாலாம் நாள் காய். ஆக, இருபத்தஞ்சுக்கு முன்னாடி பறிக்க ஒண்ணும் இருக்காது. நாங்கல்லாம் முதுகு ஒடியப் பறிப்போம், நீ அதுவரைக்கும் இந்த வயல்ல ஈ ஓட்டிக்கிட்டு... மாப்ள?

— ஈ கூட இல்ல. களை எடுக்க வேண்டாம். தண்ணிக்கு டைமர் இருக்கு.

— இருபத்தொண்ணு... இருபத்தஞ்சு... ஏங்க, ஷீட்டை எப்ப விரிச்சீங்க?

— மார்ச் கடைசியில மிசுஹோ கல்யாணத் தேதி சொல்லி போன் பண்ணாளே, அன்னிக்குத்தான் ஒம்பது பாத்திக்கும் கறுப்புப் பக்கம் மேல வெச்சு விரிச்சு முடிச்சிருந்தேன். மறுநாள் விடிஞ்சதும் ஒம்பதையும் உருவித் திருப்பிப் போட்டேன். இப்பச் சொல்லு மச்சான், அந்தக் கோட்டு எனக்குச் சேருமா?