நம்மாள் என்பவர் யார்?

தேசப்பன்: ...ஏசி நல்லா கீதேன்னு உள்ள வந்து குந்திகினேன். அவ்ளோதாம்மா. மத்தபடி யுனிவர்சிட்டி பேச்சுக்கும் நமக்கும் இன்னா சம்மந்தம்.

பானுமதி: நானும் அப்படித்தாண்ணே. பஸ்ஸுக்கு நேரம் கெடந்துது. வாசல்ல "பொதுமக்கள் அனைவரும் வருக"ன்னு பேனர் கட்டிக்கிறாங்க. நாமளும் பொதுமக்கள்தானன்னு வந்துட்டேன். நீங்க எந்தூரு?

தேசப்பன்: மாமல்லபுரம் தாண்டி ஒரு குப்பம். சொந்த போட்டு. உனுக்கும்மா?

பானுமதி: அச்சரப்பாக்கம். ஒரக்கடை வச்சிகினு கீறோம். கொஞ்சம் நிலமும் கீது.

தமிழரசி (மேடையில், மைக்கில்): ...இன்றைய தலைப்பு, "நம்மாள் என்பவர் யார்?" கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் நம்மாள். அந்தப் பக்கம் இருப்பவர் "அவங்க". நடுவில் இருப்பது வெறும் தார்தான்...

தேசப்பன்: டோல்கேட்டும் கீது. அத வுட்டுட்டா.

பானுமதி: இன்னாண்ணே?

தேசப்பன்: ஒண்ணுமில்ல. இந்தப் பொண்ணு... நல்லாத்தான பேசுது?

பானுமதி: கொரலு கணீர்னு கீது. ஆனா கைய ரொம்ப ஆட்டுது.

தேசப்பன்: கைய ஆட்டாம எப்படிம்மா பேசறது. கட்டிகினா பேச முடியும்?

பானுமதி: நிமிசத்துக்கு ஒரு தபா தண்ணி குடிக்குது பாருங்க. சுகரு இருக்குமோ...

தேசப்பன்: சுகரும் கெடையாது ஒண்ணும் கெடையாது. ...பாத்தாலே தெர்ல? திடமான ஒடம்பு. காலங்காத்தால எழுந்து நல்ல மீனா துன்னு வளந்துருக்கும்.

பானுமதி: மீன் துன்னு வளந்த பொண்ணுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

தேசப்பன்: ...கடக்கரைய பத்திப் பேசுதே. அத வச்சி சொன்னேன்.

தமிழரசி: ...இதைத்தான் அடையாள அரசியல் என்கிறோம்...

தேசப்பன்: அரசியல்னு சொல்லுது. ஒரு கட்சி பேரும் வர்ல.

பானுமதி: வராதது நல்லதுண்ணே. எங்க வூட்டுக்கு அதுவும் சேந்து வேணாம்.

தேசப்பன்: உங்க வூட்டுக்கா? உங்க வூட்டுக்கும் இதுக்கும் இன்னா?

பானுமதி: அது... உங்ககிட்ட சொன்னா இன்னா, நீங்க யாரோ நா யாரோ. நா பஸ்ஸுக்கு வர்லண்ணே. இந்தப் பொண்ணப் பாக்கத்தான் வந்தேன்.

தேசப்பன்: பாக்கறதுக்கு இன்னா கீது?

பானுமதி: எம் பையன் ஹேமந்து, கட்டினா இதத்தான் கட்டுவேன்னு நிக்கிறான்.

தேசப்பன்: இன்னாது?

பானுமதி: மெதுவாண்ணே. முன்னாடி சீட்டுக்காரரு திரும்பிப் பாக்கறாரு.

தேசப்பன்: எந்தப் பொண்ண?

பானுமதி: மைக்குல பேசிகினு கீதே, அதத்தான்.

தேசப்பன்: அந்தப் பொண்ணுக்கு... இது தெரியுமா?

பானுமதி: தெரியாமயா. ரெண்டு பேரும் கூடுவாஞ்சேரியில ஒரே ரயில்ல ஏறி எறங்கிப் பழகினதாம். பொண்ணுதான் மொதல்ல கேட்டுதாம்.

தேசப்பன்: பொண்ணேவா கேட்டுது?

பானுமதி: இன்னாண்ணே வேர்க்குது. ஏசிக்கு வந்தேன்னீங்க.

தேசப்பன்: இங்க காத்து வர்ல. ...அதுக்குன்னு ஒரு அப்பன் இருப்பானே?

பானுமதி: இருக்காராம். அங்கதாண்ணே பேஜாரு. ரொம்ப முன்கோபியாம்.

தேசப்பன்: எவன் சொன்னது?

பானுமதி: மெதுவா. பொண்ணே சொல்லிச்சாம். ஊரு பஞ்சாயத்துல வல தகராறுக்கு மேசையத் தூக்கி வீசனவராம்.

தேசப்பன்: மேச இல்ல. நாற்காலி.

பானுமதி: நாற்காலியா?

தேசப்பன்: இல்லம்மா, பஞ்சாயத்துல எங்க மேச போடுவாங்க. எல்லா ஊர்லயும் பிளாஸ்டிக் நாற்காலிதான். அதச் சொன்னேன். அதுவும் காரணம் இல்லாம எவனும் வீச மாட்டான். வலைய அறுத்துட்டு, இல்லன்னு சத்தியம் பண்ணா யாருக்கும் கோவம் வரும்.

பானுமதி: வரும் வரும். நீங்க அந்த மனுசனுக்கு ரொம்ப பரிஞ்சு பேசறீங்க.

தேசப்பன்: எனுக்கு இன்னா. ...பையன் இன்னா வேலை?

பானுமதி: ரயில்வேல. செங்கல்பட்டு ஜங்சன்ல சிக்னல் பாக்கறான்.

தேசப்பன்: குடிப்பானா?

பானுமதி: டீ குடிப்பான். அதுவே ஜாஸ்தி.

தேசப்பன்: மீனு துன்னுவானா?

பானுமதி: வஞ்சிரம்னா உசுரு.

தேசப்பன்: வஞ்சிரம் எவன் வேணா துன்னுவான், அதுல முள்ளே இல்ல. காரப்பொடின்னு பொடி மீனு, ஒடம்பெல்லாம் முள்ளு, அத துன்னுவானா, கேளு.

பானுமதி: துன்னானே. இந்தப் பொண்ணுதான் டப்பால கொண்ணாந்து குடுத்துதாம். முள்ளோட முழுங்கிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடி, தொண்டையில கருவி வுட்டு எடுத்தாங்க. ஆனா மறுபடியும் கேக்கறான்.

தேசப்பன்: மறுபடியும் கேக்கறானா?

பானுமதி: கேக்கறான்ணே.

தேசப்பன்: ...ம்.

தமிழரசி: ...மீன் வாங்கும்போது பேரம் பேசுகிறோம், நெல் விற்கும்போது பேரம் பேசுகிறோம். பெண் கொடுக்கும்போது மட்டும் எழுந்து போய்விடுகிறோம்...

பானுமதி: கை தட்றாங்க. நீங்களும் தட்டுங்கண்ணே.

தேசப்பன்: நா ஏன் தட்டணும். உங்க ஜாதி ஜனம் இன்னா சொல்லுது, அத சொல்லு.

பானுமதி: எங்க கொழுந்தனாரு ஆனந்தன் கேக்கறாரு, ஊரு ஒலகத்துல பொண்ணே கெடைக்கலயா, மீன்காரப் பொண்ணான்னு.

தேசப்பன்: மீன்காரப் பொண்ணுன்னா இன்னா கொற? எம்.ஏ., பி.எச்.டி. எத்தினி ராத்திரி கண்ணு முழிச்சிப் படிச்சிருக்கும். எந்திரிச்சி நின்னா இத்தினி ஜனம் வாயப் பொத்திகினு கேக்குது. உன் கொழுந்தன் எழுந்து நின்னா எவன் கேப்பான்?

பானுமதி: அண்ணே. உக்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க.

தேசப்பன்: ...குந்திட்டேன்.

பானுமதி: நா கேக்கலண்ணே, அவரு கேட்டாரு. எனுக்கு அவருகிட்ட பதில் சொல்லத் தெர்ல. இப்ப நீங்க சொன்னீங்கல்ல, அதையே போய் சொல்லிடறேன்.

தேசப்பன்: சொல்லு. என் பேர வுட்டுடு.

பானுமதி: பேர நீங்க சொல்லவே இல்லியே.

தேசப்பன்: ...யாரோ பெரியவரு எழுந்து நிக்கறாரு. இன்னா கேக்கறாரு? காது சரியா கேக்கல.

பானுமதி: மேடையில இவ்ளோ பேசறியேம்மா, உங்க வூட்ல இதுக்கு ஒத்துப்பாங்களான்னு கேக்கறாரு.

தேசப்பன்: கேக்கக்கூடாத கேள்வி.

தமிழரசி: ...நல்ல கேள்வி, சார். எங்க வூட்ல நா இன்னும் கேக்கல. இங்க இருநூறு பேர் முன்னாடி தயங்காம பேசிடறேன். எங்கப்பா ஒருத்தர் முன்னாடி மட்டும் இதப் பேச வரல. பயமில்ல சார். அவரு ஒரு தடவ முடியாதுன்னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் அவரு மொகத்த நா எப்படிப் பாக்கறதுன்னு தெரியல. அதான் கேக்காமயே இருக்கேன்...

பானுமதி: அண்ணே, கர்ச்சீப்பு வேணுமா?

தேசப்பன்: ஏசி கண்ணுல அடிக்குது.

பானுமதி: காத்து வர்லன்னீங்க.

தேசப்பன்: இப்ப வருது. ...அந்தப் பையன் எங்க?

பானுமதி: வெளிய டீக்கடையில நிக்கறான். உள்ள வர பயம்.

தேசப்பன்: அவன் இன்னாத்துக்கு பயப்படணும். ரயிலுக்கே சிக்னல் போடறவன். வரச் சொல்லு, மூஞ்சியப் பாக்கணும்.

பானுமதி: நீங்க எதுக்குண்ணே பாக்கணும்?

தேசப்பன்: அம்மா... நா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. ஏசிக்கு வந்தேன்னது பொய்யி. அந்த நாற்காலி வீசன ஆளு நாந்தான். அது எம் பொண்ணு. "நா பேசறதக் கேளுப்பா, கடைசி வரிசையில ஓரமா குந்திக்க"ன்னு கூப்ட்டுது, வந்தேன். பக்கத்துல நீ வந்து குந்துவேன்னு நா இன்னாத்தக் கண்டேன்.

பானுமதி: தெரியும்ணே. என்ன இங்க குந்த வச்சதே உங்க பொண்ணுதான். "எங்கப்பா வூட்ல கத்துவாரு, கடக்கரையில கத்துவாரு, நா பேசிகினு இருக்கற எடத்துல மட்டும் கத்தவே மாட்டாரு. அங்க வச்சி சொல்லிடுங்க அத்தே"ன்னுச்சு.