மாற்றாத பேட்டரி

ஜாசின் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அறுபதைத் தாண்டிய ஒருவரும், தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

"காடி வச்சிக்கிட்டு பஸ்ல வர்றீங்களே அங்கிள்?" என்று அவள் கேட்டாள்.

"காலையில ஸ்டார்ட் ஆவலமா. காடி வாங்குன கம்பெனியிலேயே போன வாரந்தான் சர்வீஸுக்கு விட்டு எடுத்தேன். புது பேட்டரி போட்டதா பில்லு கொடுத்தாங்க. இன்னிக்கு பானெட்ட தொறந்து பாத்தா, பழசேதான் இருக்கு."

"பழசுதான்னு எப்படித் தெரியும்? தொடைச்சு வச்சா எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்."

"தொடைக்கக்கூட இல்லமா. போன ஆயுத பூஜைக்கு என் சம்சாரம் வச்ச சந்தனப் பொட்டு காஞ்சு அப்படியே இருக்கு. அவ வெரல் ரேகைகூட தெரியுது."

"என்னா தைரியம் பாருங்க! அத போட்டோ எடுத்து மேனேஜர் மூஞ்சிக்கு நேரா காட்டுங்க அங்கிள். ஆன்ட்டியையும் கூட்டிட்டுப் போங்க. நாந்தான் வச்சேன்னு அவங்களே சொல்லட்டும். விடாதீங்க லா!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே செம்பனை மரங்கள் முடிவில்லாமல் வந்துகொண்டிருந்தன.

"தீபாவளிக்குள்ள அவ தவறிட்டாமா."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இருந்தாலும் ஏமாத்துனது ஏமாத்துனதுதானே அங்கிள்? நீங்க போய்க் கேக்கணும்" என்றாள்.

"கேட்டா மாத்திருவாங்களேமா."